வாயிலும் கங்காணியும்: மலாக்கா மண்ணில் இடைநின்றோர் வரலாறு

இருவர்க்கு இடையே நின்று, ஒருவர் கருத்தை மற்றவர்க்கு எடுத்துரைக்கும் மாந்தரைத் தமிழர் பல பெயர்களால் வழங்கி வந்துள்ளனர். அரசர் இருவரிடையே செல்வோன் தூதன். வாங்குவோன், விற்போன் ஆகிய இருவரிடையே நிற்போன் தரகன். பகைத்து நின்றாரைப் பொருந்தச் செய்வோன் சந்து செய்வோன். வழக்காடுவோர் இருவர்க்கும் ஒப்ப நிற்போன் நடுவன். தலைவன் தலைவியரிடையே ஊடல் தீர்க்கப் புகுவோர்க்கு இலக்கண நூலார் இட்ட பெயர் 'வாயில்' என்பது. மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டத் தொழிலாளர்க்கும் துரைக்கும் இடையே நின்றவனுக்கு வழங்கிய பெயர் 'கங்காணி' என்பது. இப்பெயர்கள் யாவும் இடைநிற்றல் என்னும் ஒரே தொழிலைக் குறிப்பன போலத் தோன்றினும், அவற்றின் உட்பொருள் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை உணர்வதற்கு மலாக்கா மாநிலத்தைக் காட்டிலும் ஏற்ற களம் வேறில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் துறைமுகத்தில் இடைநின்ற தமிழ் வணிகரும், நூறாண்டுகளுக்கு முன் ரப்பர்த் தோட்டங்களில் இடைநின்ற கங்காணியும் இம்மண்ணிலேயே வாழ்ந்தனர்.

வாயில் நேர்தலும் வாயில் மறுத்தலும்

தொல்காப்பியம் கற்பியலில் வாயில்கள் இன்னார் எனப் பன்னிருவர் கூறப்படுகின்றனர். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்போர் அவர்கள். இப்பட்டியலில் உயர்ந்தோரும் எளியோரும் கலந்து நிற்கின்றனர். வீட்டிற்கு வந்த விருந்தினரும், வழியிற் கண்டோரும்கூட வாயிலாகலாம் என்பது நூலாசிரியர் கருத்து. அஃதாவது, இடைநிற்றல் ஒரு குலத்தொழில் அன்று. இருவர்க்கும் நன்மை நாடுவோர் எவரும் மேற்கொள்ளத்தக்க கடமை என்பதாம்.

இங்கு ஆசிரியர்கள் மாணவர்க்கு அழுத்திக் கூறவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன் பாணனை வாயிலாக விடுப்பான். தலைவி அவனை ஏற்றுக்கொண்டால் அது 'வாயில் நேர்தல்' எனப்படும். ஏற்க மறுத்தால் அது 'வாயில் மறுத்தல்' எனப்படும். மருதத்திணைப் பாடல்களில் வாயில் மறுத்தல் துறையில் அமைந்தன பல. பாணனின் பொய்யைத் தோழி எள்ளி நகையாடுவதும், இனி இவ்வழி வாரற்க என விலக்குவதும் அப்பாடல்களிற் காணப்படும். ஆகவே, தமிழ் மரபில் இடைநிற்போனை அனுப்பும் உரிமை ஒருவர்க்கு உண்டெனின், அவனை மறுக்கும் உரிமை மற்றவர்க்கு உண்டு. இவ்விரண்டும் சேர்ந்தே வாயில் என்னும் கருத்தை முழுமையாக்குகின்றன. இதனை மனத்திற் கொண்டால்தான் பிற்கால வரலாற்றில் நேர்ந்த பிறழ்ச்சி விளங்கும்.

திருக்குறள் 69-ஆம் அதிகாரம் தூது பற்றியது. தூதன் இருவகைப்படுவான் என்பர் பரிமேலழகர்: தானே வகுத்துக் கூறுவான் ஒருவன், கூறியது கூறுவான் மற்றொருவன். முன்னவனுக்கு அறிவும் சொல்வன்மையும் வேண்டும். பின்னவனுக்கு நேர்மையும் அஞ்சாமையும் வேண்டும். தன் உயிர்க்கே இறுதி வருவதாயினும் தன்னை விடுத்தவனுக்கு உறுதி பயப்பவனே தூதன் என வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடிக்கின்றார். இடைநிற்றல் இன்னல் மிக்க தொழில் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

சங்கப் புலவருள் இத்தொழிலைத் திறம்படச் செய்தவர் கோவூர் கிழார். சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தபோது, உள்ளே அடைத்திருந்தவன் அதே குடியிற் பிறந்த நெடுங்கிள்ளி. இருவரும் ஆத்தி மாலை சூடியவர். எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று இருவர் முகத்தையும் நோக்கிப் புலவர் உரைத்ததைப் புறநானூற்றின் 45-ஆம் பாட்டு காட்டுகின்றது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, அவனைக் காத்தவரும் கோவூர் கிழாரே. இரு பக்கமும் செல்வோனை இரு பக்கமும் ஐயுறும் என்பதற்கு இளந்தத்தன் கதை சான்று. அவ்வையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றதையும் இங்கு நினைவுகூரலாம். புகழ்வது போலப் பழித்து, படைக்கலம் எண்ணெய் பூசி அழகாக இருக்கும் கொட்டிலுக்கும், போரில் முறிந்து கொல்லன் உலையில் கிடக்கும் படைக்கலத்துக்கும் உள்ள வேற்றுமையை அவர் சுட்டினார். சொல்லால் போர் விலக்க முயன்ற பெருமை தமிழ்ப் புலவர்க்கு உரியது.

துறைமுகத்தில் இடைநின்ற தமிழர்

மலாக்கா சுல்தான்கள் ஆண்ட பதினைந்தாம் நூற்றாண்டில் அத்துறைமுகத்தில் பன்மொழி வணிகர் கூடினர். மொழியறியாதோர் வாணிகம் செய்ய இடையாள் இன்றியமையாதவன் ஆனான். ஆகவே ஷாபந்தர் எனப்படும் துறைமுகத் தலைவர் நால்வர் அமர்த்தப்பட்டனர். குஜராத்தியர்க்கு ஒருவர், கலிங்கர் எனப்பட்ட தமிழர், வங்காளியர், பெகுவினர் முதலியோர்க்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர் முதலியோர்க்கு ஒருவர். 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர் இவ்வமைப்பைத் தம் நூலில் விரித்துரைத்துள்ளார். தன் மக்கட்காக அரசிடம் பேசுவதும், அரசுக்காகத் தன் மக்களிடம் பேசுவதும் ஷாபந்தரின் கடமை.

இத்தகைய அமைப்பு எங்ஙனம் கெடும் என்பதை மலாய் வரலாற்று இலக்கியமாகிய 'செஜாரா மெலாயு' ஒரு கதையால் உணர்த்துகின்றது. ராஜா மெண்டேலியார் என்னும் ஷாபந்தருக்கும், நைனா சூரதேவன் என்னும் வணிகருக்கும் வழக்கு நேர்ந்தது. இருவரும் தமிழர், முன்னவர் பெயரில் 'முதலியார்' என்னும் சொல்லே மறைந்துள்ளது. வழக்கைத் தீர்க்க வேண்டியவர் பெண்டஹாரா துன் முத்தாஹிர். சூரதேவன் இரவில் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தான். அச்செய்தியை அவன் உறவினனாகிய கித்தூல் என்பவன் மெண்டேலியாரிடம் சென்று சொன்னான். கித்தூல் மெண்டேலியாருக்குக் கடன்பட்டிருந்தான்; சொன்ன சொல்லுக்குக் கடன் கழிந்தது. அஞ்சிய மெண்டேலியார் லக்சமானா கோஜா ஹசான் வாயிலாகச் சுல்தானிடம் பெண்டஹாராமீது அரச துரோகப் பழி சுமத்தினார். சுல்தான் மஹ்மூது ஆராயாது பெண்டஹாராவைக் கொல்வித்தார். உண்மை வெளிப்பட்டபின் மெண்டேலியாரும் கித்தூலும் கொலையுண்டனர். இன்றும் மலாய் மொழியில் 'சி கித்தூல்' என்பது கோள் சொல்லிக் குடிகெடுப்போனுக்குப் பெயர். நடுவன் கையூட்டுப் பெற்றான். செய்தி கொண்டு சென்றவன் அதனை விற்றான். கேட்ட அரசன் ஆராயவில்லை. மூன்று பிழைகள் சேர்ந்து ஓர் அரசின் வலிமையைத் தேய்த்தன. சில மாதங்களில் மலாக்காவின் வாயிலில் போர்த்துக்கீசியர் நின்றனர்.

அக்காலத்து மற்றொரு தமிழர் நைனா சத்து. 1509-இல் தியோகோ லோப்பஸ் டி செக்கேரா தலைமையில் வந்த போர்த்துக்கீசியருள் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டனர். சிறையிருந்த அவர்கட்கு உணவும் உதவியும் அளித்தவர் நைனா சத்து. 1511-இல் அல்புக்கர்க் நகரைக் கைப்பற்றியபின், இந்நன்றிக்கு ஈடாக முஸ்லிம் அல்லாத குடிகட்குப் பெண்டஹாராவாக அவரை அமர்த்தினார். புதிய ஆட்சியினர்க்கும் பழைய வணிகர்க்கும் இடையே நின்று, கீழைக் கடல் வாணிகத்தை மீண்டும் தழைக்கச் செய்ய அவர் துணைபுரிந்தார். எனினும் 1514-இல் அப்பதவி கம்பார் அரசருக்கு அளிக்கப்பட்டது. அவ்விழிவைப் பொறாத நைனா சத்து, மேடை அமைத்து நறுமணக் கட்டைகளால் தீ மூட்டி, தம் பணியையும் தமக்கு இழைக்கப்பட்டதையும் ஊரார் அறிய எடுத்துரைத்துத் தீப்பாய்ந்தார் எனப் போர்த்துக்கீச வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அவர் செய்தது நன்றா, தீதா என்பது பார்ப்போர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. சிறைப்பட்டோர்க்கு உணவளித்தல் அறம். நகரை வென்றோர் கையிற் பதவி பெறுதல், வீழ்ந்த அரசின் குடிகட்கு இரண்டகம். ஒரே மனிதர் ஒரு சாரார்க்கு நண்பராகவும், மறுசாரார்க்கு வஞ்சகராகவும் தோன்றுவது இடைநிற்போர்க்கு இயல்பாகிவிட்ட ஊழ். பதவி அளித்த கையே அதனைப் பறிக்கவும் வல்லது என்பதை அவர் இறுதியில் கண்டார். ஒரு பக்கத்தாரின் அருளை மட்டும் நம்பி நிற்கும் இடையாளுக்குத் தன் காலடியில் நிலம் இல்லை.

இடையாள் பிழைத்த போர்

ரெம்பியா அடங்கிய அலோர் காஜா மாவட்டம் பழைய நானிங் நாட்டுப் பகுதி. அங்கு 1831, 1832 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த போர், உண்மை உரைக்கும் இடையாள் இல்லாமையால் விளைந்தது என்று கூறினும் பொருந்தும். டச்சுக்காரர் காலத்தில் நானிங் தலைவர் ஆண்டுதோறும் 400 கந்தாங்கு நெல்லை ஓர் அடையாளத் திறையாகச் செலுத்தி வந்தார். பின்வந்த ஆங்கில அதிகாரிகள் பழைய உடன்படிக்கைகளைப் பிறழ உணர்ந்து, விளைவில் பத்தில் ஒரு பங்கு தமக்கு உரியது என மேலிடத்துக்கு உரைத்தனர். தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831-இல் சென்ற சிறுபடை தோற்று மீண்டது. அதில் இருந்தோர் பெரும்பாலும் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். அடுத்த ஆண்டு பெரும்படை சென்று நானிங்கைக் கைக்கொண்டது. இப்போரின் செலவு ஏறத்தாழ 1 இலட்சம் பவுன் என்பர். சில நூறு கந்தாங்கு நெல்லுக்கு அத்துணைப் பொருளும் உயிரும் அழிந்தன. கூறியது கூறுவானாகிய ஒரு நேர்மையான தூதன் இடையில் நின்றிருப்பின் இவ்வழிவு நேர்ந்திராது.

கங்காணி என்னும் சொல்

'கண்காணி' என்பது பழந்தமிழ்ச் சொல். சோழர் காலக் கல்வெட்டுக்களில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்போர் இச்சொல்லால் குறிக்கப்படுகின்றனர். திருமூலர் இச்சொல்லை இறைவனுக்கே உரியதாக்கினார். பார்ப்பவன் இல்லை என்று எண்ணி மாந்தர் கள்ளம் செய்கின்றனர். எங்கும் நிறைந்த கண்காணியை உணர்ந்தோர் கள்ளம் ஒழிகின்றனர் என்பது அவர் கருத்து. இத்துணை உயர்ந்த சொல் பேச்சுவழக்கில் 'கங்காணி' எனத் திரிந்து, கடல் கடந்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் புகுந்து, தோட்டத்து மேற்பார்வையாளனுக்கு உரியதாயிற்று.

மலாக்காவில் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீனர் முதன்முதல் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். அவரைத் தொடர்ந்து மலாயா முழுதும் தோட்டங்கள் பெருகின. காடழிக்கவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. அதற்குமுன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலி முறையில் ஆட்கள் கொணரப்பட்டனர். அம்முறையின் கொடுமையால் 1910-இல் அவ்வாட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை இப்பொழுது தலைமை பெற்றது. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர். அந்நிதியிலிருந்து கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. கங்காணி முறை நடைபெற்ற காலமெல்லாம் சேர்த்து, அதன்வழி மலாயா வந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என வரலாற்றறிஞர் கணித்துள்ளனர்.

முறை எளியது. தோட்டத்தில் சில காலம் உழைத்து, துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவன் உரிமச்சீட்டுடன் தன் ஊருக்கு அனுப்பப்படுவான். அவன் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களில் தன் உறவினரிடமும், தன் சாதியாரிடமும், அண்டை ஊராரிடமும் பேசுவான். மழை பொய்த்த ஆண்டில், கடன்பட்ட குடும்பத்தில், பண்ணையாரின் கொடுமைக்கு அஞ்சிய சேரியில் அவன் சொல் எளிதில் ஏறும். திரட்டிய ஆட்களை ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமுக்கு அழைத்துச் சென்று கப்பலேற்றுவான். பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுநோய்த் தடைக்காவலில் சில நாள் கழித்தபின், அவர்கள் தோட்டத்து லயத்தை அடைவர்.

கங்காணியின் இரு முகம்

கங்காணியை வெறும் வஞ்சகன் என எழுதுவோரும் உண்டு. தமிழ்க் குமுகாயத்தைக் கட்டிய தலைவன் என எழுதுவோரும் உண்டு. இரண்டும் அரையுண்மைகள். ஒப்பந்தக் கூலிகள் பெரும்பாலும் தனியாட்களாக வந்தனர். கங்காணியோ கணவன், மனைவி, மக்கள், பங்காளி எனக் கூட்டமாக அழைத்து வந்தான். அதனால் தோட்டங்களில் குடும்பம் நிலைத்தது, கோயில் எழுந்தது, பள்ளிக்குப் பிள்ளைகள் இருந்தனர். லயத்துச் சண்டையைத் தீர்ப்பதும், திருமணம் பேசி முடிப்பதும், மாரியம்மன் திருவிழாவை முன்நின்று நடத்துவதும் அவனே. ஊரில் மாமன் முறை உடையவன் தோட்டத்திலும் மாமனாகவே அழைக்கப்பட்டான்.

மற்றொரு முகம் கணக்கிலே தெரிகின்றது. தன் ஆட்களுள் எத்துணைப் பேர் அன்று வேலைக்கு வந்தனரோ, அத்துணைத் தலைக்கும் ஒரு தொகை கங்காணிக்கு உண்டு. 'தலைக்காசு' எனப்பட்ட அது பொதுவாக ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2 காசு. 1920-களின் இறுதியில், நகர்க்கு அணித்தாக உள்ள தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன. 50 பேர் காலைப் பெரட்டுக்கு வந்தால் கங்காணிக்குக் கிடைக்கும் தலைக்காசு 1 வெள்ளி. அஃதாவது, வெட்டுமரத்தடியில் நிற்கும் ஆண்மகன் ஒருவனின் கூலியைப் போல் இருமடங்கு. ஆகவே, காய்ச்சலுற்றவன் லயத்தில் படுத்தால் கங்காணிக்கு 2 காசு குறைவு. பிள்ளை பெற்றவள் சில நாள் ஓய்ந்தாலும் அவ்வாறே. நோயாளியையும் எழுப்பிப் பெரட்டுக்களத்தில் நிறுத்தத் தூண்டியது கங்காணியின் தனிப்பட்ட கொடுமை மட்டும் அன்று. அவனுக்குக் கூலி வகுத்த முறையே அவனை அவ்வாறு செய்யத் தூண்டியது. அதனோடு அவன் கடை வைத்தான், வட்டிக்குக் கொடுத்தான். கடன்பட்டவன் அவன் சொல்லை மீறுதல் அரிது.

இவ்விடத்தில் தொல்காப்பியர் கண்ட வாயிலுக்கும் இக்கங்காணிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. துரையிடம் நேரே பேச மொழியும் இல்லை, துணிவும் இல்லை, வழக்கமும் இல்லை. குறையைச் சொல்லவேண்டின் கங்காணி வாயிலாகவே சொல்லவேண்டும். குறையே கங்காணியைப் பற்றியதாயின் சொல்ல இடமே இல்லை. வாயிலை மறுக்கும் உரிமை தலைவிக்கு இருந்தது, தொழிலாளிக்கு இல்லை. உறவின் பெயரால் உள்ளே வந்து, கூலியால் மறுபக்கத்தைச் சார்ந்து நின்ற இடையாள் அவன். உறவு உண்மை; கூலியும் உண்மை. இரண்டும் முரணியபோது பெரும்பாலும் கூலியே வென்றது.

பிற நாடுகளிலும் இஃது உண்டு

இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்தது என எண்ணுதல் தவறு. இலங்கையில் பெரிய கங்காணியும் சில்லறைக் கங்காணியும் இருந்தனர். கடன் கணக்கைத் தாங்கிய 'துண்டு' என்னும் சீட்டு, தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு விற்கும் கருவியாயிற்று. அது 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பர்மாவில் மேஸ்திரி, அசாமில் சர்தார் என அதே தொழில் வேறு பெயர்களில் நடைபெற்றது. அமெரிக்காவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்ற இத்தாலியத் தொழிலாளரை 'பத்ரோனே' எனப்பட்ட அவர்தம் நாட்டுத் தலைவர்களே வேலைக்கு அமர்த்தி, கூலியில் பங்கு கொண்டனர். மொழியறியாத நாட்டில், ஏழையான தொழிலாளி இறங்கும் இடமெல்லாம் அவன் மொழி பேசும் ஒருவன் வாயிலில் காத்து நிற்கின்றான். அவன் கைகொடுப்பானா, கைப்பற்றுவானா என்பதை அந்நாட்டுச் சட்டமும், தொழிலாளியின் ஒற்றுமையுமே முடிவு செய்கின்றன.

கங்காணி முறை ஓய்ந்த வரலாறு

1922-இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. அதன்வழி இந்திய அரசின் பேராளர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். அவர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, கூலி, குடியிருப்பு, பள்ளி ஆகியன பற்றி ஆண்டுதோறும் அறிக்கை விடுத்தார். தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்த முதல் இடையாள் இவரே எனலாம். இவர்க்குத் துரையிடமிருந்து கூலி இல்லை. எனினும் இவர்க்கு அதிகாரமும் குறைவு; எடுத்துரைக்கலாம், கட்டளையிடல் ஆகாது.

1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தால் ஆட்சேர்ப்பு நின்றது. ஆயிரக்கணக்கானோர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் மீண்டும் தொடங்கிற்று. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். கங்காணிவழி ஆட்சேர்த்தல் இனி வேண்டா என்பது 1937-இல் வெளிவந்த அவர்தம் அறிக்கையின் கருத்துக்களுள் ஒன்று. நாவன்மையிற் புகழ்பெற்ற அவர், இரு சாரார்க்கும் இசைவான சொற்களைத் தேர்ந்தார் எனவும், தொழிலாளர் துயரை வேண்டிய அளவு அழுத்தவில்லை எனவும் அன்றைய இந்தியர் சங்கத்தார் குறைகூறினர். நயமாகப் பேசுதல் தூதுக்கு அணி. ஆயினும் நயத்தில் உண்மை மெலிதல் ஆகாது. 1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசு உதவியுடன் கூடிய தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. ஆள்பிடிக்கும் கங்காணியின் காலம் அத்துடன் முடிந்தது. வேலை வாங்கும் கங்காணி மட்டும் பெரட்டுக்களத்தில் எஞ்சினான்.

தொழிலாளர் தேர்ந்த வாயில்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதனை முன்நடத்தியவர் ஆர். எச். நாதன். கூலி உயர்வோடு, தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளுள் சில ஈண்டு நினைக்கத்தக்கன. தமிழ் பேசும் அலுவலர் வேண்டும். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். பிள்ளைகட்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும் என்பன அவை. இவற்றுட் சில, இடையில் நிற்போரின் நடத்தையைப் பற்றியவை. தம் மொழி அறிந்தவனும் தம்மை மதிப்பவனும் இடையில் நிற்கவேண்டும் எனக் கேட்டனர். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். எனினும் ஒரு செய்தி நிலைபெற்றது: தொழிலாளி தன் வாயிலைத் தானே தேர்ந்துகொள்ள விழைகின்றான்.

போருக்குப் பின் 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளராக நெடுங்காலம் விளங்கினார். முதலாளிகளின் சங்கத்தோடு ஒரே மேசையில் அமர்ந்து கூலி பேசும் முறை வந்தது. கங்காணிக்குக் காசு கொடுத்தவன் முதலாளி. சங்கத் தலைவனுக்குச் சந்தா கொடுத்தவன் தொழிலாளி. காசு வரும் திசை மாறியதும் பேச்சின் திசையும் மாறிற்று. தன் பேராளனைத் தொழிலாளி வாக்களித்து நீக்கவும் இயன்றது. வாயில் மறுத்தல் என்னும் பழைய உரிமை புதிய உருவில் மீண்டது என்க. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், முதலில் அரசு அலுவலர் வாயிலாகச் சமரசப் பேச்சு, அது கைகூடாவிடின் தொழில் நீதிமன்றம் என முறை வகுத்தது.

இதே காலத்தில் புதுவகைத் தரகரும் தோன்றினர். 1950-களில் ஐரோப்பியர் பலர் தம் தோட்டங்களை விற்றபோது, அவற்றை வாங்கிச் சிறுதுண்டுகளாக்கி விற்றோர் பெரும் ஊதியம் கண்டனர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அத்தரகரை விலக்கித் தொழிலாளரே தோட்டம் வாங்க வேண்டும் என்னும் நோக்குடன் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இடையாள் தீயவனாயின் அவனைத் திருத்தலாம். திருத்த இயலாவிடின் அவன் வேண்டாதவாறு ஏற்பாட்டையே மாற்றலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

பள்ளி ஆசிரியன் என்னும் இடையாள்

தோட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மறக்கும் இடையாள் ஒருவன் உண்டு. அவன் தோட்டப் பள்ளி ஆசிரியன். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்டத்தார் பள்ளி அமைத்தல் வேண்டும். தொடக்கத்தில் கொட்டகையே பள்ளி. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோ ஆசிரியன். பகலில் பாடம் சொன்ன அவனிடம் மாலையில் லயத்தார் கடிதத்துடன் வந்தனர். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும், தொழில் இலாகாவுக்கு மனு வரைவதும் அவன் பணியாயின.

அவன் எழுதுகோலில் ஒரு குடும்பத்தின் மானம் அடங்கியிருந்தது. தாய் இறந்த செய்தியைப் படித்துச் சொல்லவேண்டும். அனுப்பிய பணம் சேரவில்லை என்னும் வசவையும் கூட்டாது குறையாது சொல்லவேண்டும். கூறியது கூறுவான் என்னும் தூதிலக்கணம் ஏட்டிலிருந்து இறங்கி, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் நடைமுறைக்கு வந்த இடம் அஃது. ஆயினும் அவனுக்கும் ஓர் இடுக்கண் இருந்தது. சம்பளம் கொடுப்பது தோட்டம். துரைமேல் மனு எழுதினால் வேலை போகும். எழுத மறுத்தால் தன் மாணவனின் தந்தை முகத்தை நோக்க இயலாது. எழுதியோரும் உண்டு; அஞ்சி மறுத்தோரும் உண்டு. பள்ளிகள் அரசு உதவி பெற்று, ஆசிரியர் சம்பளம் தோட்டத்தாரின் கையை விட்டு நீங்கிய பின்னரே இவ்விடுக்கண் தீர்ந்தது. இடைநிற்போன் அறவோனாக இருத்தல் மட்டும் போதாது. அறத்தோடு நிற்கத்தக்க இடத்தில் அவன் இருத்தலும் வேண்டும்.

முடிவுரை

இன்று ரெம்பியாவைச் சூழ்ந்த நிலத்தில் ரப்பரினும் எண்ணெய்ப் பனை மிகுதி. லயத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பட்டணங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் சென்றுவிட்டன. அவர்கள் விட்ட வேலையை இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் செய்கின்றனர். அவர்களை அழைத்து வருவோன் இன்று 'ஏஜெண்டு' எனப்படுகின்றான். இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள்சேர்க்கும் முகவர் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்கின்றது. ஆயினும் பதிவு பெறாத துணைமுகவர் ஊர்தோறும் உள்ளனர். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி வந்தவன், அக்கடன் தீரும்வரை வாய்திறக்க அஞ்சுகின்றான். தலைக்காசு பெயர் மாறியுள்ளது, கணக்கு மாறவில்லை.

ஆகவே, தமிழ் மாணவர்க்குத் தூது என்னும் அதிகாரத்தையும், வாயில் மறுத்தல் என்னும் துறையையும் கற்பிக்கும்போது, அவற்றைத் தேர்வுக்குரிய குறிப்புகளாக மட்டும் கற்பித்தல் போதாது. இடையில் நிற்போன் ஒருவனைக் கண்டால் மூன்று வினாக்களைக் கேட்க மாணவர் பழகுதல் வேண்டும்: இவனுக்குக் கூலி தருவோர் யார்? இவன் சொன்னதைக் கூட்டாது குறையாது சொல்கின்றானா? இவனை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை எளியவனுக்கு உண்டா? இம்மூன்றையும் நைனா சத்துவிடமும், நானிங் போர் மூட்டிய அதிகாரிகளிடமும், பெரட்டுக்களத்துக் கங்காணியிடமும் கேட்கலாம். இன்றைய முகவரிடமும் கேட்கலாம். தம் பாட்டனார் கேட்க இயலாது போன வினாக்களைப் பேரர் கேட்கக் கற்றுக்கொள்வராயின், கப்பலேறி வந்த இலட்சக்கணக்கானோர் பட்ட பாடு வீண்போகவில்லை என்று கொள்ளலாம் அன்றோ?